“பரவாயில்லை” என்றால் எத்தனை மார்க்?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வெளிநாட்டுப் படிப்பைப் பற்றித்தான். அமெரிக்காவா, வேறு நாடா, அங்கே போன பிள்ளைகள் திருப்தியாக இருக்கிறார்களா, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்று மன்னார்குடியிலிருந்தும் மயிலாடுதுறையிலிருந்தும் திருத்துறைப்பூண்டியிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். முப்பது வருடம் கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவன் என்பதால் இந்த விஷயத்தில் எனக்குப் பிடிவாதமான கருத்துகள் உண்டு. மற்ற கேள்விகள் அடுத்த இதழில்.

கேள்வி: ஐயா, வணக்கம். எனக்கு மன்னார்குடி பக்கம். மகன் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்திருக்கிறான். எம்.எஸ். படிக்க அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்திலும் இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்திலும் இடம் கிடைத்திருக்கிறது. நாங்கள் போன கன்சல்டன்சியில், இங்கிலாந்தில் படிப்பவர்களில் எண்பது சொச்சம் சதவீதம் பேர் திருப்தி என்று ஓர் அட்டையைக் காட்டுகிறார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு அப்படி எண்ணே இல்லை, அதனால் அங்கே மாணவர்களுக்குத் திருப்தி இல்லை என்கிறார்கள். லோன் போக மூன்று மா நிலத்தைக் கொடுக்க வேண்டிவரும். எதை நம்புவது?

பதில்: ஐயா, நிலம் என்று எழுதியிருப்பதால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அட்டையை நம்பி ஒரு குழி நிலத்தைக்கூடக் கொடுக்காதீர்கள். எண் பொய் என்று நான் சொல்லவில்லை, உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது உங்கள் மகனுக்குச் சம்பந்தமில்லாத எண்.

பிரிட்டனில் 2005 முதல் வருடாவருடம் தேசிய மாணவர் கருத்துக்கணிப்பு ஒன்று நடக்கிறது. சுருக்கமாக என்.எஸ்.எஸ். என்பார்கள், நம் ஊரில் அந்த மூன்று எழுத்தைக் கேட்டால் கிராமத்தில் முகாம் போட்டு வாய்க்கால் தூர்வாரிய நாட்டு நலப்பணித் திட்டம்தான் ஞாபகம் வரும், இது வேறு. இளங்கலை கடைசி வருடத்தில் இருப்பவர்களிடம் பாடம் எப்படி நடந்தது, மார்க் போட்டது நியாயமா, நூலகம் எப்படி என்றெல்லாம் கேட்டு, பல்கலைக்கழக வாரியாகவும் பாட வாரியாகவும் முடிவை வெளியிடுகிறார்கள். இளங்கலை என்பதைக் கவனியுங்கள். உங்கள் மகன் போவது முதுகலைக்கு. அங்கே மூன்று வருடம் இளங்கலை படித்த இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் சொன்னதை, ஒரே வருடத்தில் முதுகலையை முடித்துவிட்டுக் கிளம்பப்போகிற உங்கள் பிள்ளைக்குப் பொருத்திக் காட்டுகிறார்கள். முதுகலை மாணவர்களுக்கும் அங்கே தனியாக ஒரு சர்வே உண்டு, ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எவ்வளவு என்ற முடிவு அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இருந்துவிடும், வெளியே வராது. இன்னொன்று, “மொத்தத்தில் திருப்தியா?” என்ற அந்த ஒற்றைக் கேள்வியையே இங்கிலாந்தில் 2023இல் எடுத்துவிட்டார்கள், ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் மட்டும் கேட்கிறார்கள். ஆகவே அடுத்த முறை போகும்போது, அந்த எண் எந்த வருடத்தது, எந்தக் கேள்விக்கு வந்தது, பதில் சொன்னவர்கள் யார் என்று கேளுங்கள். கூடவே அந்தப் பல்கலைக்கழகம் இவர்களுக்குக் கமிஷன் தருகிறதா என்றும் கேட்டுவிடுங்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துவிடும் ஏஜென்டுக்கு முதல் வருடக் கட்டணத்தில் ஒரு பங்கு கொடுக்கின்றன. கமிஷன் வாங்குவது குற்றமில்லை, ஆனால் கொடுக்கப்போகிறவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

சரி, அமெரிக்காவுக்கு ஏன் எண் இல்லை? அங்கே நாடு முழுவதற்கும் அரசாங்கம் நடத்தும் திருப்திக் கணக்கு என்று ஒன்று கிடையாது, அவ்வளவுதான். இருப்பதில் பெரியது 2000ஆம் ஆண்டு முதல் இந்தியானா பல்கலைக்கழகத்திலிருந்து நடத்தப்படும் சர்வே. சேர விரும்பும் கல்லூரிகள் சேரலாம், முடிவு அந்தந்தக் கல்லூரிக்குப் போகும், யார் முதலிடம் யார் கடைசி என்று பட்டியல் போட மாட்டார்கள். அது கேட்பதும் பெரும்பாலும் வேறு மாதிரி: இந்த வருடம் எத்தனை பக்கம் எழுதினாய், ஆசிரியரிடம் வகுப்புக்கு வெளியே பேசினாயா, மற்ற மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்தாயா. திருப்தியா என்பதைவிட உழைத்தாயா என்று கேட்கிற சர்வே அது, எனக்கு அந்தப் போக்கு பிடிக்கும். அரசாங்கம் தன் பங்குக்கு 2015இல் ஓர் இணையதளம் தொடங்கி, எத்தனை பேர் படிப்பை முடித்தார்கள், எவ்வளவு கடன் வாங்கினார்கள், பிறகு எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று கல்லூரி வாரியாகப் போடுகிறது. அதில் திருப்தி என்ற பத்தியே இல்லை. பிரபலமான பத்திரிகைத் தரவரிசை ஒன்று, பழைய மாணவர்களில் எத்தனை சதவீதம் பேர் கல்லூரிக்கு நன்கொடை தருகிறார்கள் என்பதையே திருப்தியின் அடையாளமாகப் பல வருடம் எடுத்துக்கொண்டிருந்து, 2023இல் அதையும் விட்டுவிட்டது.

இருக்கிற எண்களையாவது பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாமே என்று தோன்றும். அந்த அமெரிக்க சர்வேயில் “உன் கல்வி அனுபவம் மொத்தத்தில் எப்படி?” என்றும் ஒரு கேள்வி உண்டு, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் நன்று, மிக நன்று என்கிறார்கள். பிரிட்டனில் 2022இல் திருப்தி என்றவர்கள் 76 சதவீதம். அமெரிக்கா ஜெயித்துவிட்டது போலத் தெரிகிறதா? பதில் கட்டங்களைப் பாருங்கள். அமெரிக்காவில் நான்கு: மோசம், சுமார், நன்று, மிக நன்று. பிரிட்டனில் அப்போது ஐந்து, நடுவில் “இரண்டுமில்லை” என்று நிற்க ஓர் இடம். நடுவில் நிற்க இடமிருந்தால் ஒரு கூட்டம் அங்கே போய் நின்றுகொள்ளும், அந்த இடத்தை எடுத்துவிட்டால் அதில் ஒரு பகுதியினர் “நன்று” பக்கம் ஒதுங்குவார்கள். படிப்பில் எதையும் மாற்றாமல் கட்டத்தை மாற்றியே சதவீதத்தை ஏற்றலாம் இறக்கலாம். அது போக, பாதியில் விட்டுவிட்டுப் போனவர்களைக் கடைசி வருடத்தில் யாரும் தேடிப்பிடித்துக் கேட்பதில்லை. அமெரிக்காவில் நான்கு வருடப் படிப்பில் சேர்கிறவர்களில் ஆறு வருடத்துக்குள் முடிக்கிறவர்கள் மூன்றில் இரண்டு பங்கை ஒட்டித்தான் வருகிறார்கள். பந்தியில் கடைசிவரை உட்கார்ந்திருந்தவரிடம் மட்டும் சாப்பாடு எப்படி என்று கேட்பது போல அது.

ஓரளவு ஒப்பிடத் தகுந்தது ஆஸ்திரேலியா, அங்கே அரசாங்கப் பணத்தில் நடக்கும் சர்வேயிலும் அமெரிக்காவைப் போல நான்கு கட்டம்தான். 2019இல் இளங்கலையில் 78 சதவீதம் பேர் நன்று என்றார்கள், அடுத்த வருடம் கொரோனாவில் வகுப்பெல்லாம் திரைக்குள் போனதும் அது 70க்குக் கீழே இறங்கிவிட்டது. இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மெல்போர்ன், சிட்னி என்று உலகத் தரவரிசையில் மேலே நிற்கும் பல்கலைக்கழகங்கள் இந்தத் திருப்திக் கணக்கில் பல வருடம் கீழ்ப்பகுதியில்தான் இருந்தன, மேலே இருந்தவை பெரும்பாலும் பெயர் கேள்விப்படாத சிறிய இடங்கள். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் யாருக்கும் யாரையும் தெரியாது, சிறிய இடத்தில் தெரியும், அவ்வளவு எளிய விஷயம் அது. அமெரிக்காவிலும் பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் ஆயிரத்தைந்நூறு பேர் மட்டும் படிக்கும் சிறு கல்லூரிக்கும் இருக்கும் தூரம், அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் இருக்கும் தூரத்தைவிட அதிகம் என்பேன்.

நீங்கள் விவசாயம் பார்க்கிறவர், உங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூரில் இத்தனை ஆயிரம் கன அடி திறந்தார்கள் என்று பேப்பரில் வரும். அது கல்லணை தாண்டி, ஆறு பிரிந்து, வாய்க்கால் பிரிந்து, உங்கள் வயல் மடைக்கு என்றைக்கு வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதுதானே உங்கள் கேள்வி? பல்கலைக்கழகத்தின் சராசரி மேட்டூர்க் கணக்கு. உங்கள் மகனுக்கு வேண்டியது மடைக் கணக்கு: அந்தத் துறை, அந்த இரண்டு வருடம், அந்த நான்கைந்து பேராசிரியர்கள். அதை எப்படித் தெரிந்துகொள்வது என்றால், அதே துறையில் இப்போது இரண்டாவது செமஸ்டரில் இருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பேரை மகனே தேடிப் பேசட்டும். இப்போது அது கஷ்டமில்லை, 2023–24 கல்வியாண்டில் மட்டும் அமெரிக்காவில் இருந்த இந்திய மாணவர்கள் 3,31,602 பேர், சீனாவை அந்த வருடம் தாண்டினார்கள். “பிடித்திருக்கிறதா?” என்று கேட்கச் சொல்லாதீர்கள், பணம் கட்டிப் போனவர் பிடிக்கவில்லை என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல மாட்டார். உனக்குப் பாடம் நடத்துவது பேராசிரியரா, ஆராய்ச்சி மாணவரா. கேட்ட பாடம் கிடைத்ததா, இடம் நிரம்பிவிட்டது என்று வேறு பாடம் எடுக்க வேண்டிவந்ததா. போன வருடம் முடித்தவர்களில் நீ அறிந்த ஐந்து பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள். வாடகை போக மாதம் எவ்வளவு ஆகிறது. இந்த நான்குக்கும் பதில் வந்தால் அட்டை தேவைப்படாது.

காலக் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்க எம்.எஸ். பொதுவாக ஒன்றரை, இரண்டு வருடம். கம்ப்யூட்டர் மாதிரித் துறைக்கு முடித்தபின் மூன்று வருடம் வரை வேலை பார்க்க இப்போது அனுமதி உண்டு, அதற்கு மேல் வேலை விசா வருடத்துக்கு 85,000 என்ற கணக்கில் குலுக்கலில்தான். இங்கிலாந்தில் படிப்பு ஒரு வருடம், அதற்குப் பிறகு இரண்டு வருடம் தங்கலாம் என்று இருந்தது, 2027 ஜனவரி முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் பதினெட்டு மாதம். கடனைத் திருப்ப எந்தக் கணக்கு ஒத்துவருகிறது என்பதை நிலத்தைக் கொடுக்கும் முன் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள், மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

கேள்வி: கும்பகோணத்தில் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன் ஐயா. சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், உலகத்தில் எந்த நாட்டு மாணவர்கள் அதிகத் திருப்தியோடு இருக்கிறார்கள்?

பதில்: அம்மா, சொல்ல முடிந்தால் சொல்லிவிடுவேன். முடியாததற்குக் காரணம் நம் வீட்டிலேயே இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் ஒருவருக்கு நல்ல டிகாக்‌ஷனில் காபி போட்டுக் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். ஒரு வாய் குடித்து, கொஞ்ச நேரம் விட்டு, “பரவாயில்லை” என்பார். அது உச்சபட்சப் பாராட்டு என்று நமக்குத் தெரியும். அதையே ஐந்து கட்டம் போட்ட காகிதத்தில் நிரப்பச் சொன்னால் மூன்றாவது கட்டத்தில் டிக் அடிப்பார், கணக்கெடுப்பவர் அவருக்குக் காபி பிடிக்கவில்லை என்று எழுதிக்கொள்வார்.

இது ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம்தான். ஜப்பான், தைவான், கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளின் பள்ளி மாணவர்களை ஒப்பிட்டு 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஜப்பான், தைவான் பிள்ளைகள் நடுக்கட்டத்தை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள், அமெரிக்கப் பிள்ளைகள் ஓரக் கட்டங்களை அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். யார் அதிக மகிழ்ச்சி என்பதற்கு முன்னால், ஒவ்வொரு ஊரிலும் “நன்று” என்ற சொல்லை எவ்வளவு தாராளமாகக் கொடுப்பார்கள் என்பது நுழைந்துவிடுகிறது. அதனால் ஒரே நாட்டுக்குள், ஒரே கேள்வியை வைத்து, இந்தத் துறை அந்தத் துறை என்று ஒப்பிடுவதை நான் நம்புவேன். ஒரே பல்கலைக்கழகத்தில் போன வருடத்தையும் இந்த வருடத்தையும் ஒப்பிடுவதை இன்னும் அதிகம் நம்புவேன். நாட்டுக்கு நாடு வைத்து யாராவது வரிசை போட்டால் நான் அதைப் படிப்பதில்லை.

பொருளாதாரம் படிக்கிற உங்களுக்கு இன்னொரு கோணமும் பிடிக்கும். திருப்தி என்பது கிடைத்ததற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம். அமெரிக்காவில் தன் பெயரில் பெரிய கடன் வாங்கிப் படிக்கிறவரும், ஜெர்மனியில் கட்டணமே இல்லாமல் படிக்கிறவரும் ஒரே மாதிரி வகுப்பில் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரி மார்க் போட மாட்டார்கள். காசு கொடுத்தவர் கணக்குக் கேட்பார். சில சமயம் நேர்மாறாகவும் நடக்கும், இவ்வளவு கொட்டிக் கொடுத்த பிறகு நன்றாக இல்லை என்று தனக்குத்தானே ஒப்புக்கொள்ள மனது வராது. இந்த இரண்டில் எது எந்த இடத்தில் ஜெயிக்கிறது என்று பார்ப்பது நல்ல ஆய்வுத் தலைப்பு, எடுத்துச் செய்து பாருங்களேன்.

கேள்வி: நாகப்பட்டினம் மாவட்டத்தில் தனியார் கல்லூரி ஆசிரியை. செமஸ்டர் முடிவில் மாணவர்கள் போடும் ஃபீட்பேக் மார்க்கை வைத்துத்தான் எங்களுக்குச் சம்பள உயர்வு. “அமெரிக்காவில் இப்படித்தான்” என்று நிர்வாகம் சொல்கிறது. கண்டிப்பாக இருந்தால் மார்க் குறைகிறது, கேள்வியை முன்கூட்டிச் சொன்னால் ஏறுகிறது. உண்மையிலேயே அங்கேயும் இப்படித்தானா?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது, உங்கள் மேல் அல்ல. அமெரிக்காவில் மாணவர்களிடம் கருத்துக் கேட்பது உண்மை. 1920களிலேயே பர்டியூ பல்கலைக்கழகத்தில் அதற்கு அளவுகோல் செய்தார்கள், இன்றைக்கு ஏறக்குறைய எல்லாக் கல்லூரியிலும் ஒவ்வொரு பாடத்துக்கும் கேட்கிறார்கள். ஆனால் நிர்வாகம் பாதிக் கதையோடு நிறுத்திவிட்டது. அதே அமெரிக்காவில், அந்த மார்க் எதை அளக்கிறது என்று உட்கார்ந்து சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

அவர்களுடைய விமானப்படைக் கல்லூரியில் மாணவர்களை எந்த ஆசிரியரிடம் போடுவது என்பது குலுக்கல் மாதிரித்தான் முடிவாகும், எல்லாருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. அந்தக் கணக்குகளை வைத்து இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2010இல் எழுதியதைக் கேளுங்கள். அனுபவம் குறைந்த ஆசிரியர்களிடம் படித்தவர்கள் அந்தப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கினார்கள், ஆசிரியருக்கும் நல்ல மார்க் போட்டார்கள். அனுபவசாலிகளிடம் படித்தவர்கள் அந்தத் தேர்வில் கொஞ்சம் பின்தங்கினார்கள், ஆசிரியரைக் குறைத்து மதிப்பிட்டார்கள், ஆனால் அதைத் தொடர்ந்து வரும் கடினமான பாடங்களில் இவர்கள்தான் நன்றாகச் செய்தார்கள். அதாவது ஆழமாக உழுதவருக்கு அந்தப் போகத்தில் நல்ல பெயர் கிடைக்கவில்லை, விளைச்சல் அடுத்த போகத்தில்தான் தெரிந்தது. ஹார்வர்டில் 2019இல் வந்த இன்னோர் ஆய்வு: இயற்பியல் வகுப்பில் ஒரு பகுதியினருக்கு அழகான விரிவுரை, மற்றொரு பகுதியினர் தாங்களே கணக்குப் போட்டுத் தடுமாறிக் கற்க வேண்டும். தடுமாறியவர்கள் தேர்வில் அதிகம் வாங்கினார்கள், ஆனால் “எவ்வளவு கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டபோது குறைவாகக் கற்றதாகச் சொன்னவர்களும் அவர்கள்தான். விரிவுரை கேட்டவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்ட மாதிரி இருந்தது.

பெண் என்பதால் இதையும் சொல்கிறேன். வட கரோலினாவில் ஓர் இணைய வகுப்பில், ஆசிரியர்களின் முகம் மாணவர்களுக்குத் தெரியாது என்பதால், சில பிரிவுகளில் ஆண் ஆசிரியரைப் பெண் பெயரிலும் பெண் ஆசிரியரை ஆண் பெயரிலும் பாடம் நடத்த வைத்தார்கள். ஒரே நேரத்தில் திருத்திக் கொடுத்த தாளுக்குக்கூட, “சீக்கிரம் திருத்தித் தந்தாரா?” என்ற கேள்வியில் ஆண் பெயருக்கு அதிக மார்க் விழுந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் என்னோடு வேலை பார்த்த ஆசிரியைகள் இதைக் கேட்டால் ஆச்சரியப்பட மாட்டார்கள். கனடாவில் டொரன்டோவில் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் இதை எதிர்த்துப் போராடி, இந்த ஃபீட்பேக் மார்க்கைப் பதவி உயர்வுக்கான கற்பித்தல் திறன் அளவுகோலாகப் பயன்படுத்தக் கூடாது என்று 2018இல் நடுவர் தீர்ப்பே வாங்கியது.

மாணவரிடம் கேட்கவே கூடாது என்பது என் கட்சி இல்லை. வகுப்புக்கு நேரத்துக்கு வந்தாரா, குரல் கேட்டதா, சந்தேகம் கேட்டால் எரிந்து விழுந்தாரா, இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும், அவர்களைத்தான் கேட்க வேண்டும். பாடம் ஆழமாக இருந்ததா என்பதை அவர்கள் மூன்று வருடம் கழித்துத்தான் சொல்ல முடியும். நிர்வாகத்திடம் தனியாகப் போய்ப் பேச வேண்டாம், நாலைந்து பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள்: ஃபீட்பேக்கோடு சக ஆசிரியர் ஒருவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து எழுதும் குறிப்பையும் சேருங்கள், சம்பளத்தை ஒற்றை எண்ணில் தொங்கவிடாதீர்கள் என்று. கேள்வித்தாளை மட்டும் தயவுசெய்து முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: ஜெர்மனியில் படிப்பு இலவசம், மாணவர்களும் திருப்தி என்கிறார்களே, உண்மையா? – மயிலாடுதுறை வாசகர்.

பதில்: அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் படிப்புக் கட்டணம் கிடையாது, செமஸ்டருக்குச் சிறிய தொகை மட்டும். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் 2017 முதல் நம்மைப் போன்ற வெளிநாட்டவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவான 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் கட்டிக் காட்ட வேண்டும் என்பது 2024 முதல் உள்ள கணக்கு, மாதம் 992 யூரோ வீதம் எடுத்துக்கொள்ளலாம். மாணவர் கருத்தை அங்கேயும் கேட்கிறார்கள், ஆனால் முதலிடம் இரண்டாமிடம் என்று எண் போடாமல் துறை வாரியாக மேல், நடு, கீழ் என்று மூன்று கூட்டமாகப் பிரித்துவிடுகிறார்கள், எனக்கு மிகவும் சரியாகப் படுகிற முறை. அப்புறம், அங்கே யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள். வகுப்புக்கு வந்தாயா என்று பல பாடங்களில் கேட்பதில்லை, மொத்த மார்க்கும் கடைசித் தேர்வில் நிற்கும். தானாக எழுந்து படிக்கிற பிள்ளைக்கு அது சொர்க்கம், சொல்லிச் சொல்லிப் படித்த பிள்ளைக்கு முதல் வருடம் மிகவும் கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: வெளிநாட்டை விடுங்கள், நம் ஊர்க் கல்லூரியில் மாணவன் திருப்தியா என்று யாராவது கேட்கிறார்களா? – திருவாரூர் கல்லூரி மாணவர்.

பதில்: தம்பி, கேட்கிறார்கள், உங்களுக்குத் தெரியாமலேயே கேட்டுமிருக்கலாம். கல்லூரிகளுக்குத் தரம் போடும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் 2017 முதல் மாணவர் திருப்திக் கருத்துக்கணிப்பு ஒரு பகுதி, 21 கேள்விகள், மாணவர்களின் மின்னஞ்சலுக்கே அனுப்புகிறார்கள். ஆனால் நாம் எல்லாரும் பார்க்கும் தேசியத் தரவரிசையில், 2016இல் தொடங்கிய என்.ஐ.ஆர்.எஃப்.பில், ஐந்து பெரிய தலைப்புகள் இருக்கின்றன, அதில் ஐந்தாவது பிறர் பார்வை. அந்தப் பிறர் என்பது மற்ற கல்வியாளர்களும் வேலை தருபவர்களும், உள்ளே உட்கார்ந்து படிக்கிற நீங்கள் இல்லை. இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது.

நான் வேலை பார்த்த ஒரு கல்லூரியில் கருத்துப் படிவத்தை வகுப்புத் தலைவன் ஒருவனே மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் நாற்பது பேருக்கும் சேர்த்து நிரப்பிக் கொடுத்ததை நேரில் பார்த்தேன். நான்கு பேனா வைத்திருந்தான், கையெழுத்து வேறு வேறாகத் தெரிய வேண்டும் என்று. அவனைத் திட்ட எனக்கு மனது வரவில்லை, அந்தப் படிவத்தில் கழிப்பறையில் தண்ணீர் இல்லை என்று மூன்று வருடமாக எழுதி ஒன்றும் நடக்காததால்தான் மற்றவர்கள் எழுதுவதையே விட்டிருந்தார்கள். உங்களுக்கு அந்த மின்னஞ்சல் வந்தால் தயவுசெய்து நீங்களே நிரப்புங்கள் தம்பி, கடைசிக் கேள்வியில் உங்கள் யோசனையை எழுத இடம் விட்டிருக்கிறார்கள், கழிப்பறை, பஸ் நேரம், நூலகம் மூடும் நேரம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, நான் திருத்துறைப்பூண்டி. அப்பா இல்லாத பிள்ளை, லோன் வாங்கி ஆகஸ்டில் அமெரிக்காவுக்கு எம்.எஸ். படிக்கப் போனான். இப்போது போன் பண்ணும்போதெல்லாம் “பிடிக்கவில்லை அம்மா, வந்துவிடட்டுமா” என்கிறான். மற்ற பிள்ளைகள் எல்லாம் சந்தோஷமாக போட்டோ போடுகிறார்கள். நான் என்ன சொல்வது?

பதில்: அம்மா, போட்டோவை விடுங்கள். பிள்ளை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறான், அது பெரிய ஆறுதல். முதல் செமஸ்டரின் நடுப்பகுதி நிறையப் பேருக்கு மோசமான காலம். நவம்பர் முதல் ஞாயிறு அங்கே பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், வடக்குப் பக்கம் என்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், குளிர் வேறு, சமைத்துச் சாப்பிட வேண்டும், வாரம் மூன்று அசைன்மென்ட். நம் வயல்வெளியில் வெயிலில் வளர்ந்த பிள்ளைக்கு அந்த இருட்டே பாதி நோய்.

செய்யக்கூடாத ஒன்றை முதலில் சொல்கிறேன். கோபத்தில் பாடத்தைக் கைவிட்டுவிடக் கூடாது, வகுப்புக்குப் போவதை நிறுத்தவும் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர் முழுநேர மாணவராக இருந்தாக வேண்டும், ஒரு பாடத்தைக் குறைப்பதானாலும் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் முன்கூட்டி அனுமதி வாங்கினால்தான் விசா நிலைக்கும். அந்த அலுவலகத்துக்கு அவன் ஒரு முறை நேரில் போகட்டும், இந்த மாதிரிப் பிள்ளைகளைப் பார்த்துப் பழகியவர்கள் அவர்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் மனநல ஆலோசனை மையமும் உண்டு, அநேகமாகக் கட்டிய கட்டணத்திலேயே அது அடக்கம், போவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

படிப்பே தப்பு, இடமே தப்பு என்றால் மாறவும் வழி இருக்கிறது. அமெரிக்காவில் கல்லூரி மாறுவது நம் ஊர் போலப் பெரிய விஷயமில்லை, இளங்கலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்கள் ஒரு முறையாவது மாறுகிறார்கள். முதுகலையில் படித்த பாடங்களில் கொஞ்சத்தைத்தான் புது இடத்தில் ஏற்பார்கள், அதைக் கேட்டுக்கொண்டு முடிவெடுக்கட்டும். இந்த செமஸ்டரை முடித்துவிட்டு டிசம்பரில் பேசலாம் என்று ஒரு தேதி குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகும் வருகிறேன் என்றால் வரட்டும் அம்மா, கடனை அடைக்க வழி தேடலாம், பிள்ளை உடைந்து போவதைவிட அது மேல்.

இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. அமெரிக்காவில் பட்டம் பெற்ற முப்பதாயிரம் பேரிடம் கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனமும் பர்டியூ பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014இல் கேட்டார்கள். பெரிய பெயருள்ள கல்லூரியா, அரசா தனியாரா என்பது அவர்களுடைய பிற்கால வாழ்க்கையில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. என் மேல் அக்கறை காட்டிய ஒரு பேராசிரியர் இருந்தார், படிக்க ஆசையூட்டினார், என் கனவைத் தொடரச் சொல்லி ஊக்கம் கொடுத்தார் என்று சொல்ல முடிந்தவர்கள்தான் பிறகு வேலையில் ஈடுபாட்டோடு இருந்தார்கள், மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வாய்ப்பு. அந்த மூன்றும் கிடைத்ததாகச் சொன்னவர்கள் அந்த நாட்டிலேயே 14 சதவீதம்தான். ஆகவே உங்கள் பிள்ளைக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றால் அவன் மேல் தப்பில்லை.

அங்கே பேராசிரியர்கள் வாரத்தில் சில மணி நேரம் அறையைத் திறந்து வைத்து மாணவர்களுக்காகவே உட்கார்ந்திருப்பார்கள், அவர்களுடைய நேர அட்டவணையிலேயே அது இருக்கும். நம் பிள்ளைகள் கூப்பிடாமல் எப்படிப் போவது என்று கூச்சப்பட்டுப் போவதில்லை. அந்த நேரத்துக்குக் கூப்பிடத் தேவையில்லை, போகலாம், பாடத்தில் ஒரு சந்தேகத்தை எடுத்துக்கொண்டு போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் பேசும்போது அங்கே சனிக்கிழமை ராத்திரியாக இருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, இந்த வாரம் எந்த வாத்தியார் அறைக்குப் போனாய், அவருக்கு உன் பெயர் தெரியுமா என்று கேளுங்கள். இரண்டு வாரம் தொடர்ந்து கேளுங்கள். அதற்குப் பிறகு எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள் அம்மா, நான் காத்திருப்பேன்.